வடாற்காட்டுக் கழனிக்குச் சணப்பு: விதைப்பும், மடக்கி உழும் பருவமும், நாரும் விதையும்

நாருக்காகவும் விதைக்காகவும் கஞ்சாக் குடும்பத்துச் செடியைப் பயிரிட உத்தராகண்ட் மாநிலம் 2018 இல் உரிமம் வழங்கத் தொடங்கியது. அதைக் காணொளிகளில் பார்த்த வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்து உழவர்கள் சிலர், கஞ்சாவில் இண்டிகா என்னும் குட்டை ரகம் நம் நிலத்தில் வருமா என்று கேட்கிறார்கள். நம் வெயிலிலும் செம்மண்ணிலும் அது வளராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. லமார்க் என்ற பிரெஞ்சு அறிஞர் 1785 இல் அந்தப் பெயரை இட்டதே இந்தியாவிலிருந்து சென்ற செடிகளைப் பார்த்துத்தான். ஆனால் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டத்தின் 20 ஆம் பிரிவு, அனுமதியின்றிக் கஞ்சாச் செடி பயிரிடுவோருக்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. தன் நிலத்தில் வேறொருவர் திருட்டுத்தனமாக வளர்ப்பது தெரிந்தும் அதைத் தெரிவிக்காத நிலக்காரரையும் அதே சட்டத்தின் 46 ஆம் பிரிவு விடுவதில்லை. ஆகவே அந்தப் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொண்டு, நார், தழை (பச்சையாக மடக்கி உழுதால் மண்ணுக்கு உரமாவது), விதை ஆகிய மூன்றையும் தரக்கூடியதும், எந்த உரிமமும் தேவைப்படாததும், நம் வட்டாரத்துக்குப் பழக்கமானதுமான சணப்பை எப்படிப் பயிரிடுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

சணப்பு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. குரோட்டலேரியா ஜன்சியா என்பது அதன் அறிவியல் பெயர். கஞ்சாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஹெம்ப் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால் மட்டுமே குழப்பம் வருகிறது. கஞ்சாவின் இலை விரித்த கைபோல ஐந்து முதல் ஒன்பது வரை சிற்றிலைகளாகப் பிரிந்து, ஓரமெல்லாம் ரம்பப் பல்லுடன் இருக்கும். இண்டிகா வகையில் அந்தச் சிற்றிலைகள் அகலமாகவும் செடி குட்டையாகப் புதர்போலவும் அமையும். சணப்பின் இலையோ பிளவில்லாத ஒற்றை இலை. நீண்டு குறுகியது, ஓரம் மழமழப்பானது, பட்டுப்போன்ற மெல்லிய மயிர் படர்ந்தது. பூ பளிச்சென்ற மஞ்சள். காய் ஊதிப் பருத்து, முற்றியபின் ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுவென ஒலிக்கும். சாலையோரக் கழனியில் சணப்பு போட்டிருப்பவரிடம் யாராவது சந்தேகமாகக் கேட்டால் இந்த மூன்றையும் காட்டினால் போதும். உண்மையில் இலையைப் பார்த்து ஏமாற வாய்ப்புள்ள செடி நம் வீட்டுப் புளிச்சகீரைதான். அதன் இலை சில வகைகளில் கஞ்சா இலையைப் போலவே கிழிந்திருக்கும்.

எந்த நிலத்துக்கு, எப்போது

வடிகால் உள்ள எந்த மண்ணிலும் சணப்பு வரும். நம் பக்கத்து மணல் கலந்த செம்மண் அதற்கு மிகவும் உகந்தது. வறட்சியைத் தாங்கும், தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. இளம்பயிரில் மூன்று நாள் தண்ணீர் நின்றால் அடியிலை மஞ்சளாகி வேர் அழுகத் தொடங்கும். ஏரிக்கு அடுத்த முதல் மடைக் கழனி, ஊற்று எடுக்கும் தாழ்வான கழனி, களர்நிலம் ஆகியவற்றுக்குச் சணப்பைவிடத் தக்கைப்பூண்டே பொருத்தம். பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகளில் தோல் பதனிடும் கழிவால் கிணற்று நீர் உப்பேறிப்போன ஊர்கள் பல உள்ளன. அங்கேயும் தக்கைப்பூண்டைத்தான் நம்ப வேண்டும். தண்ணீரே இல்லாத கொல்லைக்கும், ஆடு மாடு திறந்து மேயும் இடத்துக்கும் கொளுஞ்சி நல்லது. அதைக் கால்நடை தொடாது. சணப்பை ஆடு விரும்பித் தின்னும் என்பதால், வேலி இல்லாத கழனியில் விதைப்பவர் காவலுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை, எல்லாக் காலத்திலும் விதைக்கலாம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மையன்று. சணப்பு குறும்பகல் பயிர். பகல் நீளம் குறையக் குறைய அது விரைந்து பூக்கும். வேலூரில் ஜூன் மாதத்தில் பகல் ஏறக்குறைய 13 மணி நேரமும், டிசம்பரில் 11 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் விதைத்த பயிர் பூக்க அவசரப்படாமல் உயர்ந்து தழைக்கும். அக்டோபருக்குப் பின் விதைத்தது முழங்கால் உயரத்தைத் தாண்டிச் சிறிது வளர்ந்ததுமே மொட்டுவிட்டுவிடும். தழைக்காகவோ நாருக்காகவோ பயிரிடுபவர் கோடை மழையையும் ஆடி மழையையும் நம்பி விதைக்க வேண்டும். பின்பருவ விதைப்பில் தழை குறைகிறது என்று விதையைக் குறை சொல்வதில் பயனில்லை.

நெல்லுக்கு முன் சணப்பு போட நினைப்பவர் முதலில் நடவு நாளைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிவர வேண்டும். நடவுக்கு 10 நாள் முன் சணப்பை மடக்கி உழ வேண்டும்; அதற்கு 50 நாள் முன் விதைத்திருக்க வேண்டும். அதாவது நடவுக்கு 60 நாள் முன் சணப்பு விதைப்பு, 25 நாள் முன் நாற்றங்கால் விதைப்பு. கழனியில் சணப்பு 35 நாள் பயிராக இருக்கும்போது நாற்றங்காலில் நெல் முளைகட்டி விழ வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் கணக்குத் தவறாது. செப்டம்பர் முதல் வாரத்தில் சம்பா நடவு என்றால் ஜூலை முதல் வாரத்தில் சணப்பு விதைக்க வேண்டும். சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று போகமும் எடுக்கும் கிணற்றுப் பாசனக் கழனியில் இதற்கு இடைவெளி கிடைக்காது. நவரை அறுத்தபின் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை கழனியைச் சும்மா போட்டுவைப்பவர்களே இங்கு மிகுதி என்பதால், அவர்களுக்கு எந்தப் பயிரையும் இழக்காமல் சணப்பு எடுக்க வழியுண்டு.

மானாவாரி மணிலாவுக்கு (நிலக்கடலைக்கு) முன் சணப்பு விதைக்கச் சொல்வோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மே, ஜூனில் பெய்யும் கொஞ்ச ஈரத்தையும் சணப்பு உறிஞ்சிவிட்டால் மணிலாவுக்கு விதைப்பு ஈரம் இருக்காது. மடக்கி உழுத தழை மக்குவதற்கும் ஈரம் வேண்டும். காய்ந்த மண்ணில் அது அப்படியே கிடந்து கறையானுக்குத்தான் தீனியாகும்.

விதையும் விதைப்பும்

பசுந்தாளுக்கு, அதாவது பச்சையாக மடக்கி உழும் உரத்துக்கு, ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை என்பது பரிந்துரை. கையால் தூவும்போது சமமாக விழாது என்பதாலும், கடைகளில் கிடைக்கும் விதையின் முளைப்புத்திறன் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதாலும் 15 கிலோ வாங்கிக்கொள்வது நல்லது. வாங்கியதும் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு நாளில் எண்பதுக்குக் குறையாமல் முளைத்தால் கவலையில்லை. அறுபதே முளைத்தால் விதை அளவை அதற்கேற்பக் கூட்ட வேண்டும். விதையைப் பெற முதலில் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம். 2024 இல் தமிழ்நாடு அரசு அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாளுர விதை வழங்குவதும் ஓர் அங்கம். தொழில்நுட்ப ஐயங்களுக்கு விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

நெடுங்காலம் அவரைக் குடும்பப் பயிர் எதுவும் ஏறாத கழனியாக இருந்தால், வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிரான ரைசோபியம் கலந்தே விதைக்க வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியைத் தெளித்து, ஓர் ஏக்கர் விதைக்கு ஒரு 200 கிராம் பொட்டலம் வீதம் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். பொட்டலத்தில் உள்ளது உயிருள்ள நுண்ணுயிர். வெயிலில் வண்டியின் பெட்டிக்குள் அடைத்து வைத்துக் கொண்டுவந்தால் வெறும் கரித்தூளைத்தான் கலக்கிறோம். தட்டைப்பயறுக்கு உரிய ரைசோபியமே சணப்புக்கும் வேலை செய்யும் என்பதால், தட்டைப்பயறோ மணிலாவோ அடிக்கடி போட்ட நிலத்தில் இது இல்லாமலேயே வேர்முடிச்சு நன்றாக வரும்.

நிலத்தைப் புழுதியாக்கத் தேவையில்லை. ஒருமுறை கல்டிவேட்டர் ஓட்டி, பதமான ஈரத்தில் விதையைத் தூவி, இலேசாக மறுபடி ஓட்டி அல்லது பரம்படித்து மூடினால் போதும். விதை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அடியுரமாகத் தழைச்சத்து (நைட்ரஜன்) எதுவும் வேண்டாம். யூரியா போட்டால் செடி காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும் உதவும். நெல்லுக்கு அடியுரமாக இடவிருக்கும் சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு மூட்டையைச் சணப்புக்கே முன்கூட்டி இட்டுவிட்டால், வேர்முடிச்சுக்கும் அது பயன்படும், தழை மக்கும்போது நெல்லுக்கும் திரும்பி வரும்.

பின்னர் செய்ய வேண்டியது அதிகமில்லை. மழை இல்லாவிட்டால் இருபது நாளுக்கு ஒரு தண்ணீர் கட்டலாம். அடர்த்தியாக விழுந்த பயிர் மூன்றாவது வாரத்திலேயே நிலத்தை மூடிவிடும் என்பதால் களை எடுக்க வேண்டியதில்லை. கோரையைக்கூட ஓரளவு அடக்கும்.

முப்பதாம் நாள் வாக்கில் ஒரு செடியை மண்வெட்டியால் வேரோடு தோண்டிப் பார்ப்பது நல்லது. பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணோடு அறுந்து நின்றுவிடும். வேரை வாளித் தண்ணீரில் அலசினால், பக்கவேர்களில் கடுகுக்கும் கொஞ்சம் பெரிதாக, சில இடங்களில் விரல்விட்டதுபோல் கிளைத்த முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லாமல் இலை வெளுத்திருந்தால், இந்தப் போகத்தில் தழை கிடைக்கும், தழைச்சத்து அவ்வளவாகக் கிடைக்காது. அடுத்த முறை ரைசோபியத்தைக் கட்டாயம் கலக்க வேண்டும்.

மடக்கி உழும் நாள்

பசுந்தாளுக்கான சணப்பில் மற்றதெல்லாம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பெரிய இழப்பில்லை. மடக்கி உழும் நாள் தவறினால்தான் பயிர் பாழ். நம் பக்கத்தில் சணப்பு போட்டும் நெல் மஞ்சளடித்தது என்று குறைபடுபவர்களில் பெரும்பாலோர் பூத்துக் குலுங்கிய பிறகு, சிலர் காய் பிடித்த பிறகும்கூட, உழுதவர்களே. பூ நிறைய இருந்தால் சத்தும் நிறைய இருக்கும் என்ற எண்ணம் இதற்குக் காரணம். டிராக்டர் கிடைக்காததும் ஒரு காரணம்.

சணப்பு நார்ப்பயிர் என்பதை மறக்கக் கூடாது. 45 நாள் வரை தண்டு நீரும் பச்சையுமாக இருக்கும். மண்ணில் புதைத்தால் ஒரு வாரத்தில் கரையத் தொடங்கும். மொட்டு வந்தபின் செடி தன் வளத்தை நாராகவும் கட்டையாகவும் மாற்றிக்கொள்ள ஆரம்பிக்கும். தழைச்சத்துக்கு ஒப்பிடக் கரிச்சத்து பெருகிவிட்ட அந்தத் தண்டை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், தமக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நட்ட நாற்றுக்குக் கிடைக்க வேண்டியதை அவை சாப்பிட்டுவிடுவதால்தான் நெல் வெளுக்கிறது. பிறகு அவை மடியும்போது அந்தச் சத்து வெளிவரும் என்றாலும், தூர் கட்டும் பருவம் அதற்குள் கடந்துபோயிருக்கும்.

விதைத்த 45 ஆம் நாளுக்கும் 60 ஆம் நாளுக்கும் இடையில், அங்கொன்றும் இங்கொன்றுமாக மொட்டு தெரியும்போது உழுவதே சரி. நாளைவிடச் செடியைப் பார்த்து முடிவு செய்வது மேல், ஏனெனில் முன்பு சொன்ன பகல் நீளக் கணக்கின்படி அதே நாள் கணக்கு ஆடியிலும் ஐப்பசியிலும் பொருந்தாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டை இரு கையாலும் வளைத்து ஒடிக்க வேண்டும். மளுக்கென்று ஒடிந்து இரு துண்டாக வந்தால் இன்னும் காலம் இருக்கிறது. ஒடிந்த இடத்தில் இரண்டு மூன்று இழை தொங்கினால் அந்த வாரமே உழ வேண்டும். பட்டை கிழிந்து, நார் உரிந்து கையோடு வந்து, துண்டு பிரியாமல் முறுக்கிக்கொண்டால் பருவம் போய்விட்டது. அந்த நிலையில் உழுதே தீர வேண்டுமென்றால் நடவை மூன்று வாரம் தள்ளிப்போட வேண்டும். இல்லையேல் நாருக்கோ விதைக்கோ விட்டுவிடலாம்.

உழுவதற்கு முன் கழனியில் தண்ணீர் கட்டி, டிராக்டரில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டு இரண்டு முறை ஓட்டிச் செடியைச் சாய்த்து மிதித்துவிடுவது நம் பக்கத்துச் சேடைக்கு (சேற்றுழவுக்கு) ஏற்றது. ரோட்டவேட்டரில் இளந்தண்டு நன்றாக நறுக்கப்படும். முற்றிய தண்டோ அதன் அச்சில் கயிறுபோல் சுற்றிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும், அதை அறுத்தெடுக்க அரைநாள் ஆகும். வாடகைக்கு வரும் ஓட்டுநர் சணப்புக் கழனி என்றதும் தயங்குவது இதனால்தான். தழை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் புதைந்து, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் வற்றிக் காய்ந்து, மறுபடி நனைந்து என்று மாறிமாறி நடந்தால் மக்கிவந்த தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

மடக்கி உழுத மூன்றாம் நாளிலிருந்து கழனியில் குமிழி கிளம்பும், சாக்கடை போன்ற வாடையும் வரும். காற்றில்லாமல் தழை அழுகும்போது உண்டாகும் அமிலங்களும் வாயுக்களும் இளவேரைக் கருக்கும் என்பதால் அந்த வாடை அடங்கும் வரை நடக் கூடாது. பத்து நாள் பொறுத்து, மறுபடி ஒரு சேடை ஓட்டி, பரம்படித்து நடலாம்.

இதனால் எவ்வளவு உரம் மிச்சம் என்று கணக்குப் பார்க்கலாம். நன்றாக வந்த பயிர் ஏக்கருக்கு ஐந்து முதல் ஆறு டன் பச்சைத்தழை தரும். ஐந்தரை டன் என்றால், அதில் ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருளாகக் கொண்டால் 1,100 கிலோ. அதில் தழைச்சத்து 2.3 சதவீதம் அளவில் இருக்கும்; ஆக ஏக்கருக்கு 25 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் இது 45 கிலோ மூட்டையில் ஒன்றேகால் மூட்டைக்குச் சற்றுக் குறைவு. முழுவதும் அந்தப் போகத்திலேயே நெல்லுக்குக் கிடைத்துவிடாது. ஆகவே சணப்பு போட்டாயிற்று என்று மேலுரத்தை அடியோடு நிறுத்திவிடாமல், அடியுர யூரியாவை மட்டும் விட்டு, தூர் கட்டும் பருவத்தில் இலை நிற அட்டையை வைத்துப் பார்த்து மேலுரத்தை முடிவு செய்வதே நல்லது. தழைச்சத்துக் கணக்கில் வராத லாபமும் உண்டு. ஆண்டுதோறும் போட்டுவந்தால் இறுகிய செம்மண் பொதுபொதுவென்று ஆகி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நெல் தவிர மற்றப் பயிர்களுக்கு

கத்தரிக்கு முன் சணப்பு போடுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் பெயர்போன அணைக்கட்டு வட்டாரத்தில், ஒரே நிலத்தில் மீண்டும் மீண்டும் கத்தரி நட்டால் வேர்முடிச்சு நூற்புழு பெருகுவது இயல்பு. செடி வளராமல் குன்றி, வேரைப் பிடுங்கினால் கொத்துக்கொத்தாக வீங்கியிருக்கும். சணப்பின் வேரில் அந்த நூற்புழுவால் சரியாகப் பெருக முடியாது. மக்கும்போது வெளிவரும் பொருட்களும் அதற்கு ஆகாது. கத்தரி முடிந்ததும் ஒரு சணப்பு எடுத்து, மடக்கி உழுது, மூன்று வாரம் கழித்து மறுபயிர் நடுவது அந்த நிலத்துக்கு மருந்து தெளிப்பதைவிட மலிவான வழி. நூற்புழுவின் வீக்கத்தையும் சணப்பின் நல்ல முடிச்சையும் மாற்றி நினைத்துவிடக் கூடாது: நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும், நூற்புழு வீக்கத்தில் வேரே தடித்திருக்கும், உதிராது.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மரத்தைச் சுற்றியுள்ள பாத்தியில் மரத்துக்கு 50 கிராம் விதை தூவி, பூக்கும் முன் பாத்திக்குள்ளேயே கொத்திவிடலாம். கரும்பில் கரணை நட்ட மூன்றாம் நாள் பாரின் ஒரு பக்கத்தில் சணப்பை ஊன்றி, 45 ஆம் நாள் மண் அணைக்கும்போது பிடுங்கிப் பாருக்குள் புதைத்துவிடலாம். இதில் தாமதித்தால் கரும்புக்கு நிழல் கட்டிவிடும்.

நாருக்கு விடுவதானால்

நாருக்கான பயிரைப் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் பருவம் வரை, அதாவது 90 நாள் அளவுக்கு, விட வேண்டும். பக்கக் கிளை விடாமல் நேராக வளர்ந்தால்தான் நார் நீளமாக வரும் என்பதால் நெருக்கி விதைப்பது இதற்கு இன்றியமையாதது. ஏக்கருக்கு மூன்று முதல் நான்கு குவிண்டால் நார் எதிர்பார்க்கலாம். மேற்கு வங்கம் பாரக்பூரில் உள்ள மத்தியச் சணல் ஆராய்ச்சி நிறுவனமும், உத்தரப் பிரதேசம் பிரதாப்கரில் உள்ள அதன் சணப்பு நிலையமும் வெளியிட்ட கே-12 மஞ்சள், ஷைலேஷ், அங்குர், ஸ்வஸ்திகா, பிராங்குர் போன்றவை நாருக்கான ரகங்கள். நம் கடைகளில் பசுந்தாளுக்கு விற்கும் விதை பெரும்பாலும் ரகப் பெயர் இல்லாதது.

அடியோடு அறுத்து, இரண்டு மூன்று நாள் கழனியிலேயே பரப்பி வைத்தால் இலை உதிர்ந்துவிடும். பின் கைக்கு அடங்கும் கட்டாகக் கட்டி ஊறப்போட வேண்டும். அடித்தண்டு தடிப்பாக இருப்பதால் மெதுவாகவே ஊறும். முதல் ஒரு நாள் அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி கட்டுகளை நிறுத்தி வைத்து, அதன்பின் முழுவதையும் படுக்கவைத்து மேலே கல் ஏற்றலாம். நம் வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது மூன்றிலிருந்து ஐந்து நாளில் ஊறிவிடும். இரண்டாம் நாள் முதலே ஒரு தண்டை எடுத்து அடியில் பட்டையைப் பெருவிரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நார் வெண்கட்டையை விட்டு நுனிவரை வழுக்கிக்கொண்டு வந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் கூடினாலும் நார் நைந்து வலுவிழக்கும். உரித்த நாரைத் தெளிந்த தண்ணீரில் அடித்து அலசி, கொடியில் பரப்பி உலர்த்தினால் வெளிர்மஞ்சளாக வரும். ஊறவைத்த தண்ணீர் கறுத்து நாறும், அதில் உயிர்க்காற்று இருக்காது. மீன் விட்டிருக்கும் ஏரியிலோ குடிநீர்க் குட்டையிலோ ஊறப்போடாமல், தார்ப்பாய் விரித்த தனிப் பள்ளத்தில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொல்லைக்குப் பாய்ச்சிவிடலாம்.

கயிறு, மீன்வலை, கித்தான் ஆகியவற்றுக்கும், மெல்லிய உயர்வகைக் காகிதத்துக்கும் இந்த நார் பயன்படும். ஆயினும் வேலூர்ப் பக்கத்தில் இதற்கென்று நிலையான சந்தை இல்லாத நிலையில், கொள்முதல் செய்பவர் யார் என்று உறுதிப்படுத்திக்கொள்ளாமல் ஏக்கர் கணக்கில் நாருக்கு விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுக்கு வேண்டிய மாட்டுக் கயிற்றுக்கும் கட்டுக் கயிற்றுக்கும் வரப்போரம் பத்து வரிசை போதும்.

விதைக்கு விடுவதானால்

விதைப் பயிர் நாருக்கு நேர் எதிரானது. இங்கே கிளை வேண்டும். 45 சென்டிமீட்டர் வரிசையில் 20 சென்டிமீட்டருக்கு ஒரு செடி என விட்டு, 30 ஆம் நாள் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கம் பிரிந்து நிறையப் பூக்கும். பூத்தால் மட்டும் காய் வந்துவிடாது. சணப்புப் பூ தானாகச் சூல் கொள்வது அரிது. பெரிய வண்டு ஒன்று வந்து உட்கார வேண்டும். காலையில் கழனி ஓரத்தில் நின்று பார்த்தால், உடல் கறுத்துச் சிறகு நீலமாய் மின்னும் தச்சன் வண்டு பூவின் கீழிதழ்மேல் இறங்குவதையும், அதன் பாரத்தில் கீழிதழ் தாழ, அதன் கூர்நுனியிலிருந்து மகரந்தம் பிதுங்கி வண்டின் வயிற்றில் அப்புவதையும் காணலாம். சிறிய ஈக்களுக்கு அந்தப் பாரம் இல்லை. ஆகவே பூக்கும் மாதத்தில் பூச்சிக்கொல்லி தெளிப்பது தன் விளைச்சலைத் தானே குறைத்துக்கொள்வதாகும். அருகில் உள்ள பட்டுப்போன கட்டைகளையும் மூங்கிலையும் வெட்டி எரிக்காமல் விட்டுவைத்தால் வண்டு அங்கே கூடு வைக்கும்.

விதைப் பயிருக்கு வரும் முக்கியப் பகை, வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த சணப்பு அந்துப்பூச்சியின் மயிர்ப்புழு. முதலில் இலையைத் தின்று, பிறகு காயைத் துளைத்து விதையையும் தின்னும். பசுந்தாளுக்கு விடும் பயிரில் இதைப் பொருட்படுத்த வேண்டாம், தின்றதும் எச்சமாக அங்கேதான் விழுகிறது. விதைப் பயிரில் தொடக்கத்திலேயே புழுவைப் பொறுக்கி அழித்து, மிஞ்சினால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை மாலையில், வண்டுகள் போனபின், தெளிக்கலாம். திடீரென வாடிக் காயும் செடிகள் அங்கங்கே தென்பட்டால் அது வாடல் நோய். மண்ணில் தங்கும் பூசணத்தால் வருவது. அந்த இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு சணப்பு போடாமல் இருப்பதே தீர்வு.

விதைத்த 150 ஆம் நாள் வாக்கில் காய் பழுப்பேறிக் கிலுகிலுக்கத் தொடங்கும். வெயில் ஏறினால் காய் வெடித்து விதை சிதறும் என்பதால் பனி ஈரம் இருக்கும்போதே அறுத்துக் களத்தில் சேர்த்து, உலர்ந்தபின் கோலால் அடிக்கலாம். ஏக்கருக்கு 160 கிலோ அளவில் விதை கிடைக்கும். நன்கு காயவைத்து, அடுத்த ஆடிக்கு வைத்திருக்கலாம்; அதற்கு மேல் வைத்தால் முளைப்புத்திறனைச் சோதிக்காமல் விதைக்கக் கூடாது. விதையிலும் அதன் தூசியிலும் கால்நடையின் ஈரலைக் கெடுக்கும் நச்சு ஆல்கலாய்டுகள் இருப்பதால், அடித்த களத்தை நன்றாகக் கூட்டி, பதரையும் உடைந்த விதையையும் தவிட்டோடு கலந்துவிடாமல் குப்பைக்குழியில் கொட்டிவிட வேண்டும்; கோழிகளையும் அன்று களத்துப் பக்கம் விடக் கூடாது.